ஜேர்சி விற்க வந்தவர்

2024 டிசெம்பரில் ஒரு பின்னேரம் என் மகன் தன் போனை என் முகத்துக்கு நேரே பிடித்தான்.

“அப்பா, இந்த ஆளைத் தெரியுமா?”

மங்கலான ஒரு காணொளி. வெள்ளை ஜேர்சி, செம்பட்டைச் சாயம் பூசிய தலைமுடி. ஒரு கோல். பிறகு இன்னொன்று. பிறகு மூன்றாவது. எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது.

“தெரியும். அண்டைக்கு நான் அங்கை இருந்தனான்” என்றேன்.

“சும்மா சொல்லாதைங்கோ.”

அந்த ஆட்டக்காரரின் பெயர் ஜூனிச்சி இனமோட்டோ. நாற்பத்தைந்து வயதில் அவர் ஓய்வு பெறுகிறார் என்ற செய்தி வந்த நாட்கள் அவை. லண்டனில் அவர் இருந்தது மூன்றே பருவங்கள். அதில் முதலாவது பருவம் கிட்டத்தட்ட முழுக்க வாங்கிலேயே போனது. அவர் லண்டனை விட்டுப் போன பிறகு பிறந்தவன் என் மகன். அவனுடைய போனுக்குள் அந்த மனிதர் எப்படி வந்து சேர்ந்தார் என்று யோசிக்கத் தொடங்கியதில்தான் இந்தக் கட்டுரை பிறந்தது. யோசிக்க யோசிக்க, அது யப்பானியரின் கதையாக மட்டும் நிற்கவில்லை.

*

எங்கள் வீடுகளில் யப்பான் என்றால் முதலில் சாமான்தான். யப்பான் ரேடியோ, யப்பான் தையல் மெஷின், யப்பான் மோட்டார் சைக்கிள். பிறகு 2002 இல் போர்நிறுத்தம் வந்து, அந்த ஆண்டு ஒக்டோபரில் யசூஷி அகாஷி இலங்கைக்கான யப்பானின் விசேட தூதராக நியமிக்கப்பட்டபோது, யப்பான் என்றால் அகாஷி என்றானது. உதைபந்தாட்டம் யாருடைய நினைவிலும் இல்லை.

உண்மையில் யப்பானே அந்த ஆட்டத்துக்குப் பிந்தி வந்த நாடுதான். அங்கே முழுநேரத் தொழில்முறை லீக் தொடங்கியது 1993 மே மாதத்தில், பத்துக் கழகங்களோடு. ஆனால் அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1981 இல், யோய்ச்சி தகஹாஷி ஒரு சித்திரக்கதையைத் தொடங்கியிருந்தார். ‘கெப்டன் சுபாசா’ என்ற அந்தக் கதையில் நன்கட்சு என்ற ஊரின் சிறுவன் ஒருவன் பந்தோடு உலகத்தை வெல்லப் புறப்படுகிறான். லீக் வருவதற்கு முன்பே ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அதைப் படித்து வளர்ந்துவிட்டார்கள். இனமோட்டோ பிறந்தது 1979 இல். பதினேழு வயதில், 1997 இல், காம்பா ஒசாகாவுக்காக லீக்கில் இறங்கினார். 2000 இல் ஆசியக் கிண்ணத்தை வென்ற தேசிய அணியில் இருந்தார்.

அவருக்கு முன் வழி திறந்தவர் ஹிடெடோஷி நகாட்டா. 1998 உலகக் கிண்ணம் முடிந்ததும் இத்தாலியின் பெருஜியா கழகத்துக்குப் போனவர். யுவெண்டஸுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே இரண்டு கோல் போட்டவர். அவரோடு ஒரு புதுமையும் பிறந்தது. பத்திரிகைக்காரர்களோடு ஒத்துப்போகாத நகாட்டா தனக்கென ஓர் இணையதளம் வைத்து, ரசிகர்களோடு நேரடியாகப் பேசினார். 2006 யூலையில், இருபத்தொன்பது வயதில் விளையாட்டை நிறுத்துகிறேன் என்ற முடிவைக்கூட அந்தத் தளத்திலேயே எழுதினார். தன்னைப் பற்றிய பேச்சைத் தானே வைத்துக்கொள்ள முயன்ற ஆட்டக்காரர் அவர். இனமோட்டோவுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. அவரைப் பற்றி மற்றவர்கள் பேசினார்கள்.

*

2001 கோடையில் இனமோட்டோ இரவல் ஆட்டக்காரராக ஆர்சனலுக்கு வந்தார். அழைத்தவர் ஆர்சன் வெங்கர். அவர் நகோயா கிராம்பஸ் எய்ட் கழகத்தைப் பயிற்றுவித்துவிட்டு 1996 இல் நேராக வட லண்டனுக்கு வந்தவர். யப்பானிய ஆட்டத்தை அறிந்தவர். ஆனால் அதை யார் நினைத்துப் பார்த்தார்கள்? ஆர்சனல் ஜேர்சியின் நெஞ்சில் அப்போது இருந்த விளம்பரம் செகா என்ற யப்பானியக் கம்பனியுடையது. சொந்த மைதானத்து ஜேர்சியில் அந்தக் கம்பனியின் ‘டிரீம்காஸ்ட்’ விளையாட்டுக் கருவியின் பெயர். அந்தக் கருவியின் உற்பத்தியை நிறுத்தப் போவதாகக் கம்பனி அதே ஆண்டின் தொடக்கத்தில் அறிவித்துவிட்டது. பெயர் மட்டும் நெஞ்சில் மிச்சம். அடுத்த கோடையில் உலகக் கிண்ணம் யப்பானிலும் கொரியாவிலும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: இந்தப் பெடியன் ஆட வரவில்லை, ஜேர்சி விற்க வந்திருக்கிறான்.

நான் அப்போது பின்ஸ்பரி பார்க் பக்கம் ஓர் அறையில் இருந்தேன். ஹைபரி மைதானத்துக்கு நடந்து போகலாம். ஆட்டமில்லாத நாட்களில்கூட யப்பானிய இளைஞர்கள் இரண்டு பேர், மூன்று பேராக வரைபடத்தோடு வந்து, கழகத்தின் கடை எங்கே என்று கேட்பார்கள். எனக்கும் வழி சொல்லிப் பழகிவிட்டது. அவர்கள் போன பிறகு மூலைக்கடையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

சிரித்தவனுடைய நிலைமை என்ன? லண்டனில் ஒரு நூலகத்தில் பகுதிநேர வேலை. தமிழ்ப் புத்தகங்கள் இரண்டு அலுமாரி வந்திருந்தன. அவற்றை ஒழுங்குபடுத்தத் தமிழ் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று எடுத்திருந்தார்கள். வேலை பிடித்திருந்தது. வெள்ளிக்கிழமைகளில் ஒரு ஐயா ஈஸ்ட்ஹாமிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, சாண்டில்யனில் மூன்று பாகம் அள்ளிக்கொண்டு போவார். ஆனால் முன்மேசையில் என்னை ஒருநாளும் இருத்தவில்லை. ஒருமுறை ஆள் குறைந்த நாளில் நான் போய் அமர்ந்தபோது, கூட வேலை செய்தவர் ஒருவர் நல்ல மனதோடுதான் சொன்னார்: “நீங்கள் இங்கே இருப்பது தமிழ் ஆட்களுக்காக அல்லவா?” நான் எழுந்து அலுமாரிக்குப் போனேன்.

இரண்டு விஷயங்களையும் நான் அப்போது முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. அதற்கு ஓராண்டு எடுத்தது.

அந்தப் பருவத்தில் ஆர்சனல் லீக்கையும் எஃப்.ஏ. கிண்ணத்தையும் சேர்த்து வென்றது. விய்யேரா, பார்லர், எடு என்று நடுக்களம் நிறைந்திருந்தது. இனமோட்டோ இறங்கியது நான்கே ஆட்டங்கள், லீக் கிண்ணத்திலும் சம்பியன்ஸ் லீக்கிலும். பிரீமியர் லீக்கில் ஒன்றுகூட இல்லை. பருவம் முடிந்ததும் கழகம் அவரை வைத்துக்கொள்ளவில்லை. சிரித்தவர்களுக்கு அது ஆதாரமாகிவிட்டது.

இதே கதையின் மறுபக்கம் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் கேரி லினேக்கர் தன் ஆட்டத்தின் கடைசிக் காலத்தில் யப்பானுக்குப் போனார், அதே நகோயா கழகத்துக்கு. கால்விரல் காயத்தோடு இரண்டு பருவங்களில் சொற்ப ஆட்டங்களே ஆடினார். அவரைக் கடைக்குப் போனவர் என்று இங்கே யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. புது நாட்டுக்கு ஆட்டம் கற்றுக்கொடுக்கப் போனவர் என்றுதான் பேச்சு. போகும் திசை மாறினால் பெயரும் மாறிவிடுகிறது.

*

2002 யூன் 4. சைதாமாவில் பெல்ஜியத்துக்கு எதிரான ஆட்டம். லண்டனில் அது காலை நேரம். இனமோட்டோ ஒரு கோல் போட்டார். ஆட்டம் இரண்டுக்கு இரண்டு. ஐந்து நாள் கழித்து யொகோஹாமாவில் ரஷ்யாவுக்கு எதிராக ஆட்டத்தின் ஒரே கோலையும் அவரே போட்டார். உலகக் கிண்ணத்தில் யப்பான் வென்ற முதலாவது ஆட்டம் அதுதான். மூலைக்கடையின் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். முன்பு சிரித்தவர்களில் ஒருவர், நல்ல ஆர்சனல் ரசிகர், நாடியைத் தடவிக்கொண்டு, “எங்களிட்டை ஏன் இப்பிடி ஆடேல்லை?” என்று கேட்டார். ஆட விட்டால்தானே, என்று யாரோ சொன்னார்கள்.

அந்தக் கோடையிலேயே மேற்கு லண்டனின் ஃபுல்ஹாம் கழகம் அவரை இரவலாக எடுத்தது. கழகத்தின் உரிமையாளர் எகிப்தில் பிறந்த முகமட் அல் ஃபயட், பயிற்றுநர் பிரான்சின் ஜான் டிகானா. தேம்ஸ் கரையிலுள்ள சொந்த மைதானமான கிரேவன் கொட்டேஜில் திருத்த வேலை. அதனால் ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷில் லொஃப்டஸ் ரோட் மைதானத்தை வாடகைக்கு எடுத்து ஆடினார்கள். இரவல் மைதானம், இரவல் ஆட்டக்காரர். ஓகஸ்ட் மாதம் அந்தச் சட்டையோடு இறங்கியபோது, பிரீமியர் லீக்கில் ஆடிய முதல் யப்பானியர் ஆனார் இனமோட்டோ.

ஃபுல்ஹாம் அப்போது இன்டர்டோட்டோ கிண்ணத்தில் ஆடிக்கொண்டிருந்தது. லீக்கில் மேலிடம் பிடிக்காத கழகங்கள் கோடையிலேயே ஆடி, யூஏஃபா கிண்ணத்துக்கு ஒரு பின்கதவைத் தேடும் போட்டி அது. பெரிய கழகங்கள் அதை மதிப்பதில்லை. இறுதிச் சுற்றில் இத்தாலியின் பொலொன்யா. அங்கே நடந்த முதல் ஆட்டம் இரண்டுக்கு இரண்டு. அதிலும் இனமோட்டோவின் கோல் ஒன்று.

ஓகஸ்ட் 27, செவ்வாய்க்கிழமை. ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷில் இருந்த பரமண்ணையிடம் ஒரு டிக்கெட் மிச்சம் இருந்தது. வைட் சிட்டி நிலையத்தில் இறங்கி நடந்தோம். லொஃப்டஸ் ரோட் நெருக்கமான மைதானம். முன்வரிசையில் இருந்தால் ஆட்டக்காரர் மூச்சு வாங்குவது கேட்கும். ஒரு பகுதியில் யப்பானியக் கொடிகள். எங்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் வழக்கமான பகிடியை ஆரம்பித்துவிட்டார்கள்: கடையை இன்றைக்கு எத்தனை மணி வரை திறந்து வைத்திருப்பார்கள்?

முதலாவது கோல் விழுந்தபோது பகிடி நிற்கவில்லை. இடையில் பொலொன்யா ஒன்று போட்டது. இடைவேளைக்குப் பிறகு அவர் இரண்டாவதைப் போட்டார். எழுந்து நின்றவர்கள் இருந்து முடிப்பதற்குள் மூன்றாவது. மூன்றுக்கு ஒன்று; கிண்ணம் ஃபுல்ஹாமுக்கு. பின்னால் இருந்தவர்கள் அவருடைய பெயரைப் பாட்டாக்கிக் கத்தினார்கள், உச்சரிப்பில் ஓர் எழுத்தும் பிசகாமல். ஓராண்டாக அந்தப் பெயரை வேண்டுமென்றே பிழையாகச் சொல்லியவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். யப்பானில் அப்போது விடிகாலை.

“ஆள் ஆட்டக்காரன்தான் போலை” என்றார் பரமண்ணை.

திரும்பும் ரயிலில் எனக்கு அந்த முன்மேசை நினைவுக்கு வந்தது. ஜேர்சி விற்றது பொய்யில்லை. தமிழ் அலுமாரிக்காக என்னை எடுத்ததும் பொய்யில்லை. அந்த ஐயாவுக்கு நான் தேவைப்பட்டேன். அந்த யப்பானியப் பிள்ளைகளுக்கு அவர் தேவைப்பட்டார். பிழை அதில் இல்லை. வந்த காரணத்தையே ஒருவருடைய எல்லையாக வைத்துவிடுவதில் இருக்கிறது. அடுத்த மாதம் மேலாளரிடம் போய் முன்மேசையில் இருக்க விரும்புகிறேன் என்று கேட்டேன். சனிக்கிழமை காலைகள் கிடைத்தன. முதல் சனிக்கிழமை என்னிடம் வந்த முதலாவது கேள்வி, கழிப்பறை எந்தப் பக்கம் என்பது. சரியாகப் பதில் சொன்னேன்.

*

இங்கேயே நிறுத்தினால் நல்ல சினிமா. ஆனால் வரலாறு அப்படி முடிவதில்லை. தொடக்கத்தின் வேகம் நீடிக்கவில்லை. இரண்டாவது பருவத்தில், 2003 ஒக்டோபரில், ஓல்ட் ட்ரஃபர்டில் மன்செஸ்டர் யுனைட்டட்டை ஃபுல்ஹாம் மூன்றுக்கு ஒன்றாக வென்றபோது மூன்றாவது கோல் அவருடையது. 2004 யூன் 1 ஆம் திகதி, மன்செஸ்டரில் இங்கிலாந்துக்கு எதிரான நட்பு ஆட்டத்தில் அவருடைய கால் முறிந்தது. பிறகு வெஸ்ட் பிரொம், கார்டிஃப், துருக்கியின் கலடசராய், ஜேர்மனியின் பிராங்ஃபர்ட், பிரான்சின் ரென். 2010 இல் நாடு திரும்பி, ஒரு கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு, மேல் மட்டத்திலிருந்து கீழ் மட்டத்துக்கு. தேசிய அணிக்கு 82 ஆட்டங்கள். கடைசியாக 2022 இல் போய்ச் சேர்ந்த இடம், டோக்கியோவின் கட்சுஷிகா வட்டாரத்தில் இருக்கும் நன்கட்சு எஸ்.சி. சித்திரக்கதையின் ஊர்ப் பெயரைத் தாங்கிய கழகம். தலைமையில் அந்தக் கதையை வரைந்த தகஹாஷியே இருக்கிறார். பிராந்திய லீக்கில் ஆடும் சின்னக் கழகம். அங்கே ஆடித்தான் ஓய்வு பெற்றார்.

என் மகன் அவரைக் கண்டுபிடித்த வழியும் அதுதான். அவன் சுபாசா காட்டூன் பார்க்கிறவன். சுபாசாவிலிருந்து நன்கட்சு, நன்கட்சுவிலிருந்து நாற்பத்தைந்து வயதில் ஆடும் ஒரு மனிதர், அவரிலிருந்து 2002 இன் அந்தச் செவ்வாய்க்கிழமை. இணையம் அப்படித்தான் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறது. 2001 இல் அவருடைய புகழை எண்ணியது கடையின் கல்லாப்பெட்டி. இன்று அது கோல்களை மட்டும் எடுத்து வைத்திருக்கிறது. வாங்கில் இருந்த மாதங்களைக் காணொளியாக்க முடியாதல்லவா? மூலைக்கடைச் சிரிப்பும் அதில் இல்லை. இது அவருக்குக் கிடைத்த நீதி என்று சொல்லலாம். அரைக் கதை என்றும் சொல்லலாம்.

*

அரைக் கதை என்பது எங்களுக்கு ஏன் முக்கியம்?

இனமோட்டோவுக்கு ஒரு பத்தாண்டுக்கு முன்பு, ஆர்சனலில் ஜிம்மி கார்ட்டர் என்று ஒருவர் ஆடினார். ஹமர்ஸ்மித்தில் பிறந்தவர், தந்தை வழியில் இந்தியப் பூர்வீகம். பிரீமியர் லீக்கின் தொடக்கக் காலத்திலேயே அதில் ஆடிய தெற்காசியர். ஆனால் பெயரில் அது தெரியவில்லை. அன்று பெரும்பாலானோர் அறியவும் இல்லை. அவர் ஆடியதைப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கக்கூடிய சௌத்தோல் பிள்ளை ஒருவனுக்கும் அது போய்ச் சேரவில்லை. 1999 இல் இந்தியாவின் பைச்சுங் பூட்டியா பெரி கழகத்துக்கு வந்தார். மூன்றாம் மட்டத்தில் ஆடிவிட்டுப் போனார். இனமோட்டோ ஃபுல்ஹாமில் இருந்த அதே நாட்களில், அதே கழகத்தில் பயிற்சி பெற்று வந்தவர் செஷ் ரஹ்மான், பேர்மிங்ஹாமில் பிறந்த பாகிஸ்தான் பூர்வீகப் பிள்ளை. 2004 ஏப்ரலில் லிவர்பூலுக்கு எதிராகப் பிரீமியர் லீக்கில் இறங்கினார். ஒருவர் தெரியாமலே போனார். இன்னொருவர் தெரிந்ததனாலேயே எடைபோடப்பட்டார். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் வேண்டியிருக்கிறது.

இனமோட்டோ ஓய்வு பெற்ற அதே 2024 இல், ஓகஸ்ட் மாதம், பார்ன்ஸ்லி கழகத்துக்காக லீக் கிண்ண ஆட்டமொன்றில் ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை இறங்கினார். விமல் யோகநாதன். வேல்ஸில் பிறந்தவர், தமிழ்ப் பெற்றோர். ஆங்கிலத் தொழில்முறை உதைபந்தாட்டத்தின் முதல் தமிழர் என்று எழுதினார்கள். அன்றிரவே என் போன் நிறைந்துவிட்டது. ரொறொன்ரோவில் இருக்கும் மச்சான், பாரிஸில் இருக்கும் பெறாமகள், சிட்னியில் ஒன்றாகப் படித்தவன்; எல்லோரிடமிருந்தும் ஒரே படம். நானும் ஏழு பேருக்கு அனுப்பினேன். கண் கலங்கியது. குருநகரிலும் நாவாந்துறையிலும் இளவாலையிலும் மணல் தரையில் ஆடியவர்கள், இங்கே வந்து கோடையில் ஊர்ச் சங்கப் போட்டிகளில் முழங்கால் வலியோடு ஓடுகிறவர்கள், எல்லோரும் அந்தப் படத்துக்குள் இருந்தது போலிருந்தது.

அதுதான் பயமாகவும் இருந்தது. அந்தப் பிள்ளையின் முதுகில் ஓர் இலக்கம்தான் இருக்கிறது. நாங்கள் அதில் ஓர் இனத்தையே ஏற்றப் பார்க்கிறோம். அவர் வாங்கில் இருக்கும் கிழமைகளில் நாங்கள் எங்கே இருப்போம்? அவர் ஒரு பந்தைத் தவறவிட்டால், “தமிழ்ப் பார்வையாளருக்காகத்தான் எடுத்தது” என்று எவனாவது சொல்ல, அந்த வாயைத் திறந்துவிட்டவர்களாக நாங்களே இருக்கமாட்டோமா? 2001 இல் ஹைபரிக் கடைக்கு வழி கேட்ட யப்பானியப் பிள்ளைகள் அன்பில்தான் வந்தார்கள். அவர்களுடைய அன்பே அவர் மீது மற்றவர்கள் எறிந்த கல்லானது. அதை அவர்கள் அறிந்திருக்க வழியில்லை. எங்களுக்கு வழி இருக்கிறது, ஒருமுறை பார்த்திருக்கிறோம்.

அன்பைக் குறைக்கச் சொல்லவில்லை. முழு ஆட்டத்தையும் பார்க்கச் சொல்கிறேன்.

அன்று மகனிடம் கேட்டேன்: “விமல் ஆடின மட்ச் ஒண்டு முழுசாப் பாத்தனியே?”

“கிளிப்ஸ் பாத்தனான், அப்பா.”

“நானும் கிளிப்ஸ்தான் பாத்தனான்.”

அடுத்த முறை பார்ன்ஸ்லி ஆடிய நாளில் இருவரும் சோபாவில் அமர்ந்தோம். ஒலிபரப்பு இடையிடையே நின்று நின்று வந்தது. தொண்ணூறு நிமிடங்களில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மழை பெய்தது, பந்து அடிக்கடி வெளியே போனது. விமல் இறங்குவாரா என்று மகன் கேட்டுக்கொண்டே இருந்தான். பொறு, என்றேன். மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, “ஆர் வெல்லுறது?” என்று கேட்டாள். இருவருமே உடனே பதில் சொல்லவில்லை, பார்த்துக்கொண்டிருந்தோம்.